பச்சை மழைக்கோட்டு ஐயாவுக்கு நன்றி

இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு பீல் பார்க்கில் நடந்த சைக்ளோகிராஸ், அதாவது சேற்றிலும் புல்லிலும் சைக்கிள் ஓட்டும் பந்தயத்துக்கு எங்கள் கிளப் போயிருந்தது. ஜனவரிச் சேறு, கேட்கவே வேண்டாம். டயர் அகலமோ வெறும் 33 மில்லிமீட்டர். இரண்டு சுற்றுக்குள் புல்லும் களிமண்ணும் அப்பி சங்கிலி இறுகிவிடும். சைக்கிள் மாற்றும் இடமான பிட்டில் மாற்று பைக்கோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். எங்கள் பையனுக்கு அன்றைக்கு ஆளில்லை.

வேறு கிளப்காரரான நீங்கள்தான் பைக்கை வாங்கிக்கொண்டீர்கள். வரிசையில் நின்று தண்ணீர் பீய்ச்சி, ஸ்க்ரூடிரைவர் முனையால் பல்சக்கரத்துப் புல்லை நோண்டி எடுத்து, கைப்பிடியைத் துடைத்து, சுற்றுக்குச் சுற்று தயாராக நீட்டினீர்கள். கையுறைகூட இல்லை, விரலெல்லாம் சிவந்திருந்தது.

பையன் கடைசிக்கு முந்தின இடம்தான், அது வேறு கதை! பெயர்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டீர்கள். ரொம்ப நன்றி ஐயா. அப்புறம், உங்கள் ஃபிளாஸ்க் மூடி எங்களிடம் இருக்கிறது. அடுத்த பந்தயத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.