அக்காவுக்கு: இனி உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன்

அக்கா,

உனக்கு நெஞ்சுவலி வந்து ஒரு வருடம் ஆகிறது. "வெறும் கேஸ் ட்ரபிள்தான்" என்று நீ சொல்லச் சொன்னதைக் கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி சொல்ல மாட்டேன். உன்னைக் கேட்காமல் பொதுவில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை.

காரணத்தை இங்கே எழுதப்போவதில்லை. இரண்டு பக்கத்துச் சொந்தமும் இதைப் படிப்பார்கள். உனக்கும் எனக்கும் தெரிந்தால் போதும்.

ஆஞ்சியோகிராம் முடிந்த பிறகு டாக்டர் வந்து நின்றாரே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ரத்தக்குழாயில் அடைப்பு இல்லை, ஆனால் இதயத்தின் இடது கீழறை பலூன் மாதிரி உப்பியிருக்கிறது, இந்த நோய்க்கு டகோட்சுபோ என்று பெயர் என்றார். "சமீபத்துல பெரிய மனக்கஷ்டம் ஏதாவது இருந்துச்சாம்மா?" என்று கேட்டார். நீ சிரித்தாய். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சிரித்தாய். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல டாக்டர், வீட்ல எல்லாரும் நல்லாப் பாத்துக்கறாங்க." போர்வைக்குள் என் கையைப் பிடித்து அழுத்தினாய், வாயைத் திறக்காதே என்று. அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அந்த நோயைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்தது. வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதிலும் மாதவிடாய் நின்றவர்கள் அதிகம். அதிர்ச்சியிலோ துக்கத்திலோ அட்ரினலின் வெள்ளமாகப் பாய்ந்து இதயத் தசையை மரத்துப்போக வைக்கிறது. பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும், சிலருக்குத் திரும்பவும் வரும். அந்த 'திரும்பவும்'தான் என்னைத் தூங்கவிடுவதில்லை.

அமெரிக்காவில் பல வருடங்களாக நடக்கும் ஃப்ரேமிங்ஹாம் இதய ஆய்வு 2007இல் வெளியிட்டதையும் படித்தேன். கணவனோடு சண்டை வரும்போது மனதில் இருப்பதைச் சொல்லாமல் அடக்கிக்கொண்ட பெண்கள், அப்படி அடக்காத பெண்களைவிட அடுத்த 10 வருடங்களில் இறக்கும் அபாயம் நான்கு மடங்கு. ஆண்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. மௌனம்தான் கொன்றது என்று அது நிரூபிக்கவில்லை, இரண்டுக்கும் தொடர்பு இருப்பதைத்தான் காட்டியது. எனக்கு அதுவே போதும். முகத்தைச் சிரிக்க வைத்துக்கொண்டால் உடம்பு அமைதியாகிவிடாது அக்கா. உள்ளே கார்ட்டிசால் என்கிற மன அழுத்த ஹார்மோன் சுரந்துகொண்டேதான் இருக்கும், ரத்த அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

சின்ன வயதில் எனக்கு விழவேண்டிய திட்டையெல்லாம் நீ வாங்கிக்கொண்டாய். உன் முதுகுக்குப் பின்னால் நின்றுதான் நான் வளர்ந்தேன். அதே நீதான் இன்று உன் மகளுக்கும் இதைப் பழக்கிவிட்டாய். போன வாரம் அவள் கண் வீங்கியிருந்தது. என்னம்மா என்றேன். "ஒண்ணும் இல்ல சித்தி" என்றாள், அச்சு அசல் உன் குரலில். அந்த நிமிடம் உன்மேல் வந்த கோபம் இன்னும் தணியவில்லை. பொறுமைசாலி என்று உன்னைப் புகழ்ந்தே இப்படி ஆக்கியவர்கள் மேலும்தான்.

அடுத்த செக்கப்புக்கு நானும் வருகிறேன். ராத்திரியில் நீ மூச்சு முட்டி எழுந்து உட்கார்வதை நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன். மனநல ஆலோசகர் ஒருவரிடம் அனுப்பச் சொல்லியும் கேட்பேன். கோபம் வந்தால் அங்கேயே, எல்லோர் எதிரிலும் என்னைத் திட்டு.