திரும்பி வரும் சுமையையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல நாள் மலை வேட்டைக்குப் போகிறவர்கள் முதுகுப்பையின் எடையைக் குறைப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உரிமம் பெற்று வேட்டையாட அனுமதியுள்ள நாடுகளில் வாழும் வாசகர்களுக்குப் பயன்படும் முயற்சி. ஆனால் அதிலிருந்த பட்டியல், மலையேறிவிட்டு வெறும் பையோடு இறங்குகிறவருக்குத்தான் பொருந்தும். வேட்டைக்காரர் 20 கிலோவோடு ஏறினால், இறங்கும்போது 40 கிலோ வரை சுமக்க நேரும். எதைக் குறைக்கலாம், எதில் கை வைக்கக் கூடாது என்பதை அந்த இரண்டாவது எண்தான் முடிவு செய்ய வேண்டும்.

கட்டுரை முதலில் குறைக்கச் சொன்னது பையின் எடையை. என் பார்வையில் அதுதான் பெரிய பிழை. ஒரு கிலோவுக்கும் குறைவான, பிரேம் (முதுகுப்பக்கம் பையைத் தாங்கும் விறைப்பான சட்டம்) இல்லாத பைகள் 12, 14 கிலோ வரை நன்றாகவே தாங்கும். அதற்கு மேல் ஏற்றினால் பையின் முதுகுப்பகுதி மடங்கி, இடுப்புப்பட்டை இடுப்பெலும்பின் மேல் நிற்காமல் கீழே நழுவும். பட்டை நழுவிய அந்த நொடியிலேயே முழு எடையும் தோளுக்கு மாறிவிடும். தோள்வார் நரம்பை அழுத்த, விரல்கள் மரத்துப்போகும். 40 கிலோவுக்கு மேல் தாங்கும் பிரேம் உள்ள வேட்டைப் பைகள் 2 முதல் 3 கிலோ வரை இருக்கும். கூடுதலான அந்த ஒன்றரைக் கிலோவைத் தயங்காமல் சுமக்கலாம். பிரேமுக்கும் பைக்கும் நடுவே இறைச்சி மூட்டையை வைத்துக் கட்டும் இடம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது முக்கியம். மூட்டை முதுகோடு ஒட்டி, தோள்பட்டை எலும்புகளின் உயரத்தில் நிற்க வேண்டும். எலும்பு நீக்கிய இறைச்சி ஈரமாவு போலச் சரிந்து அடியில் போய்த் தேங்கும். அப்படித் தேங்கினால் ஒவ்வோர் அடிக்கும் ஆளைப் பின்னால் இழுக்கும். மூட்டையின் வாயை இறுக்கிக் கட்டி, குறுக்கே இரண்டு வார்களைப் போட்டால் சரியாது.

எடைக் கணக்கு தூரத்தையும் சேர்த்துத்தான். எல்க் இனத்து வளர்ந்த ஆண் மானில் எலும்பு நீக்கிய இறைச்சி 80 கிலோ அளவுக்கு வரும். தனி ஆள் அதை மூன்று நடையாக இறக்கி, நான்காவது நடையில் முகாமை இறக்கினால், நான்கு முறை சுமையோடு கீழே, மூன்று முறை மேலே. வண்டி 6 கிலோமீட்டர் தள்ளி நின்றால் மொத்தம் 42 கிலோமீட்டர். வெயில் நாளில் கடைசி மூட்டை கெட்டுப்போக இது போதும். சுடும் முன்பே இந்தக் கணக்கு மனதில் இருந்தாக வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது அமெரிக்காவின் பல மாநிலங்களில் குற்றம். சட்டம் இல்லாத இடத்திலும் அது செய்யக் கூடாத காரியம்.

கட்டுரைப் பட்டியலில் இறைச்சிப் பைகள் இல்லவே இல்லை. காற்றுப்புகும் செயற்கை இழைப் பைகள் ஐந்து சேர்ந்தாலும் அரைக் கிலோ அளவில்தான் இருக்கும். பருத்திப் பைகள் கனம், நனைந்தால் இன்னும் கனம். இவற்றுக்குப் பதில் குப்பை போடும் பிளாஸ்டிக் பையை எடுத்துப்போவது ஆபத்தான சிக்கனம். உடல்சூடு வெளியேற வழியின்றி உள்ளேயே புழுங்கி, இறைச்சி சில மணி நேரத்தில் கெடத் தொடங்கும். தோலை உடனே உரித்து, நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிட வேண்டும். தொடை எலும்பை ஒட்டிய சதைதான் கடைசியாகச் சூடு ஆறும், முதலில் கெடும். அதனால் எலும்பைக் காட்டிலேயே நீக்குவது எடைக்கும் நல்லது, இறைச்சிக்கும் நல்லது. ஆனால் அந்தந்த இடத்து விதியைப் பார்க்காமல் கத்தி வைக்காதீர்கள். அலாஸ்காவின் சில பகுதிகளில் கால் இறைச்சியை எலும்போடுதான் வெளியே கொண்டுவர வேண்டும். விலங்கின் பாலினத்தைக் காட்டும் உறுப்பு இறைச்சியோடு ஒட்டியிருக்க வேண்டும் என்ற விதியும் பல மாநிலங்களில் உண்டு.

கத்தியில் எடை குறைக்கலாம். அலகு மாற்றும் கத்தி 100 கிராமுக்குள் அடங்கும், மாற்று அலகு நான்கைந்து போதும். மூட்டில் நெம்பினால் மெல்லிய அலகு முறிந்து, துண்டு சதைக்குள் போய்விடும். அதைத் தேடிக் கையை விட்டால் கை கிழியும். மூட்டுகளுக்கென ஒரு சிறிய கெட்டிக் கத்தியும் வேண்டும். அலகைக் கையால் கழற்றாமல் சிறிய இடுக்கியால் கழற்றுங்கள். 15 மீட்டர் மெல்லிய கயிறு, இரண்டு ஜோடி ரப்பர் கையுறை, இரத்தப்போக்கை நிறுத்தும் கட்டு ஆகியவை சேர்ந்தும் அரைக் கிலோவுக்குள்தான்.

அப்படியானால் எடையை எங்கே குறைப்பது? முதலில் துணியில். உடுத்தியது போக ஒரு மாற்று உள்ளாடை, இரண்டு ஜோடி காலுறை, தூங்க மட்டும் ஒரு உலர்ந்த ஜோடி, குளிருக்கு ஒரு மேலங்கி, மழைச்சட்டை. இவை இரண்டு கிலோவுக்குள் அடங்கும். பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும்.

அடுத்து கூடாரம். தரையில்லாத ஒற்றைத்துணிக் கூடாரம் ஒரு கிலோ அளவில் கிடைக்கும், நடைக்கோலே அதற்குத் தூண். இதில் பலர் யோசிக்காத ஒன்று: பகலில் வேட்டைக்குக் கிளம்பும்போது கோலையும் எடுத்துப்போனால் கூடாரம் விழுந்துவிடும். கோலை விட்டுப்போனால் சுமையோடு சரிவில் இறங்கும்போது ஊன்ற ஒன்றும் இருக்காது. 250 கிராமில் தனித்தூண் ஒன்று வைத்துக்கொள்வதே சரி. மரமே இல்லாத உயரத்தில் குச்சி வெட்டிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை உதவாது.

ஸ்லீப்பிங் பேக்கில் எழுதியிருக்கும் வெப்பநிலைகளில் ‘கம்ஃபர்ட்’ எண்ணைப் பாருங்கள். ‘லிமிட்’ எண் சுருண்டு படுத்துச் சமாளிக்கும் அளவு மட்டுமே. இறகுப் பை எடைக்கு ஏற்ற சூடு தரும், ஆனால் நனைந்தால் அமுங்கிச் சூட்டை இழக்கும். நீர்புகாத உறையில்தான் வைக்க வேண்டும். விரிப்பை அலட்சியம் செய்யாதீர்கள். தரை உறையும் குளிரில் விரிப்பின் ஆர் மதிப்பு (R-value, தரைக்குச் சூடு போவதைத் தடுக்கும் அளவு) 4-க்குக் குறைந்தால், எவ்வளவு நல்ல பைக்குள் படுத்தாலும் முதுகு சில்லிடும்.

அடுப்பைப் பொறுத்தவரை, வெந்நீர் மட்டும் காய்ச்சுவதென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு லிட்டர். 110 கிராம் கேஸ் குப்பியில் காற்றில்லாத இடத்தில் ஆறேழு லிட்டர் கொதிக்கும். பியூட்டேன் சுமார் 0 டிகிரியிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். ஐசோபியூட்டேன் −11 டிகிரி வரை தாங்கும். எனவே குப்பியில் எந்தக் கலவை என்று பார்த்து வாங்கி, விடியற்காலைக் குளிரில் அதைச் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிய பிறகு பற்றவையுங்கள்.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஓடை தெரிந்த பாதையில் மூன்று லிட்டர் சுமப்பது வீண். வடிகட்டி இருந்தால் போதும். ஆனால் மெல்லிய குழாய் வகை வடிகட்டி ஒரே ஒரு முறை உறைந்தாலும் உள்ளே கீறிப்போகலாம், வெளியே பார்த்தால் தெரியாது. இரவில் அது உங்களோடு படுக்கைக்குள் இருக்கட்டும். மாற்றாகக் குளோரின் டையாக்சைடு மாத்திரை சில கிராம்தான். கிரிப்டோஸ்போரிடியம் கிருமிக்கு மட்டும் அது 4 மணி நேரம் கேட்கும்.

உணவை எண்ணிக்கையில் கணக்கிடாதீர்கள், கிராமுக்கு எத்தனை கலோரி என்று பாருங்கள். கொழுப்பில் 9, மாவுச்சத்திலும் புரதத்திலும் 4. சராசரி 4.5 வந்தால் 3,000 கலோரிக்கு நாளுக்கு ஏறத்தாழ 670 கிராம், ஐந்து நாளுக்கு ஏறத்தாழ 3.35 கிலோ. அட்டைப்பெட்டிகளை வீட்டிலேயே பிரித்துவிடுங்கள்.

பைனாகுலரைக் குறைக்க வேண்டாம். அது மிச்சப்படுத்தும் நடை அதிகம். ஒன்றரைக் கிலோ ஒற்றைக்குழல் தொலைநோக்கி இருவருக்கு ஒன்று போதும். கூடாரம், அடுப்பு, வடிகட்டியும் அப்படியே. விளக்கு, தீமூட்டி, வரைபடம், காயக்கட்டு மட்டும் ஆளுக்கு ஒன்று வேண்டும், ஏனென்றால் வேட்டையில் இருவரும் பிரிந்துதான் போவார்கள். தோட்டா பத்து போதும், 250 கிராம். மூன்றாகக் குறைத்தால், துப்பாக்கி பாறையில் விழுந்து குறி மாறிவிட்டதா என்று சரிபார்க்கக்கூட மிஞ்சாது.

கடைசியாக, தயாரிப்பாளர் சொல்லும் எடையை நம்பி அட்டவணை போடாதீர்கள். உறை, முளை, கயிறு பெரும்பாலும் அதில் சேராது. ஒவ்வொன்றையும் தராசில் நிறுத்து எழுதுங்கள். பிறகு பையில் 30 கிலோ மணல் மூட்டையைக் கட்டி ஒரு சரிவில் ஏறி இறங்கிப் பாருங்கள். இடுப்புப்பட்டை நழுவுமா என்பது முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்