மங்கிய வண்ணங்களுக்கு மானிட்டர் காரணமன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினிகளைப் பற்றித் தங்கள் நாளிதழ் அண்மையில் வெளியிட்ட கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். 1990களின் கணினித் திரைகளில் படங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்ததற்கு அக்காலத்து மானிட்டர்களின் திறன் குறைவே காரணம் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அது சரியன்று என்பதைத் தெரிவிக்கவே இம்மடல்.

கணினியின் படத்தைத் திரைக்கு அனுப்புவதற்காக 1987-இல் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. முறையில், சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றின் அளவுகளும் ஏறி இறங்கும் மின்னழுத்தமாகவே மானிட்டருக்குச் சென்றன. ஆகவே, இத்தனை வண்ணங்களைத்தான் காட்ட முடியும் என்ற கட்டுப்பாடு மானிட்டரில் இல்லை. அது கணினிக்குள் இருந்தது. படத்தை உருவாக்கி மானிட்டருக்கு அனுப்பும் உள் பாகமான வி.ஜி.ஏ. கார்டின் நினைவகம் 256 கிலோபைட். 640-க்கு 480 பிக்சல் கொண்ட திரையில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 256 வண்ணங்களுள் எது என்று குறித்து வைக்க 300 கிலோபைட் வேண்டும். அதற்கு இடம் போதாது. 16 வண்ணங்கள் என்றால் அதில் பாதி போதும். மொத்தம் 2,62,144 வண்ணங்களை உருவாக்கத் தெரிந்த கார்டு, அந்தத் திரை அளவில் ஒரே நேரத்தில் 16-ஐ மட்டும் காட்டியதற்கு இந்தக் கணக்கே காரணம். மற்ற நிறங்களை இந்தப் பதினாறின் புள்ளிகளைக் கலந்தே காட்ட வேண்டியிருந்ததால்தான் படங்கள் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன.

விண்டோஸ் 95 வந்த காலத்தில் நிலைமை மாறியிருந்தது. 1 மெகாபைட் நினைவகம் உள்ள வீடியோ கார்டு, அதே 640-க்கு 480 திரையில் ஒரு கோடியே 67 லட்சம் வண்ணங்களைக் காட்டப் போதுமானது. ஆனால், கார்டு செய்யும் ஒவ்வொரு நிறுவனமும் கூடுதல் வண்ணங்களுக்குத் தனக்கென ஒரு வழியை வைத்திருந்ததால், கார்டை இயக்கும் மென்பொருளான உரிய டிரைவர் இல்லாத கணினியில் இயங்குதளம் எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான வி.ஜி.ஏ. முறையையே, அதாவது 16 வண்ணங்களையே, நம்ப வேண்டியிருந்தது. திரை இருண்டு போவதைவிட மங்கலாகவாவது தெரிவது நல்லது என்பதால், அந்த முன்னெச்சரிக்கையை நான் குறை சொல்லமாட்டேன். பழுது பார்ப்பதற்கான ‘சேஃப் மோடு’ம் அதே 16 வண்ணங்களில்தான் திறந்தது. விண்டோஸ் 95-இன் நீலப்பச்சைப் பின்னணியும் அந்தப் பதினாறில் ஒன்று. எந்தக் கணினியிலும் புள்ளிகள் கலக்காமல் ஒரே சீராகத் தெரிந்தது.

என் வருத்தம் வேறு. அந்த அமைப்பு தற்காலிகமானது, டிரைவரை ஏற்றி அதை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று பயன்படுத்துவோரிடம் சொல்ல ஆளில்லை. மாற்றியவர்களிலும் பலர் 256 வண்ணங்களோடு நின்றுவிட்டனர். அந்த 256-இலும் 20 வண்ணங்களை விண்டோஸ் தனக்கென ஒதுக்கிக்கொண்டது. மீதியை முன்னால் இருக்கும் படம் எடுத்துக்கொள்ளும்போது பின்னால் உள்ள படத்தின் நிறங்கள் தாறுமாறாக மாறும். கட்டுரையாளர் ‘மானிட்டர் கோளாறு’ என்று நினைவுகூர்வது இவற்றையெல்லாம்தான் என்று கருதுகிறேன்.

இதனால் நேர்ந்த இழப்பை என் வீட்டிலேயே கண்டேன். 1990களின் இறுதியில் எங்கள் குடும்பப் புகைப்படங்களை ஸ்கேன் செய்ய ஓரிடத்தில் கொடுத்தோம். அங்கிருந்த கணினி 256 வண்ண அமைப்பில் இருந்தது. அந்தத் திரையில் முழு வண்ணக் கோப்பும் 256 வண்ணக் கோப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தெரிந்ததால், மூன்றில் ஒரு பங்கு இடமே பிடிக்கும் இரண்டாவது வகையிலேயே எல்லாவற்றையும் சேமித்துத் தந்தனர். ஆண்டுகள் கழித்து நல்ல திரையில் திறந்தபோது, என் தாயின் கன்னத்தில் இருந்த மென்மையான நிழல் திட்டுத் திட்டாகப் பிரிந்து கிடந்தது. அசல் படங்கள் அதற்குள் அழிந்துவிட்டன. கோப்பில் இழந்த நிறங்களை மீட்க இன்று எந்த மென்பொருளாலும் இயலாது. இல்லாத நிறங்களை ஊகித்து நிரப்பத்தான் இயலும்.

திரையின் அமைப்பு கோப்பைத் தொடுவதில்லை என்பதை வாசகர்கள் அறிவது அவசியம். முழு வண்ணத்தில், அதாவது 24 பிட்டில், சேமித்த படம் அன்று எவ்வளவு மோசமாகத் தெரிந்திருந்தாலும் இன்று சரியாகவே தெரியும். அதைப் பழுதென்று எண்ணி அழித்துவிடக் கூடாது. மாறாக, கோப்பின் விவரங்களில் 8 பிட் (அதாவது 256 வண்ணங்கள்) என்று இருக்கும் வண்ணப் படத்துக்கு அசல் தாள் இன்னும் கையில் இருந்தால், அதை மீண்டும் ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய திரைக்காட்சிகளைத் தொகுத்து வைப்போரும், அவை எந்த வண்ண அமைப்பில் எடுக்கப்பட்டவை என்பதைப் படத்துடன் குறித்து வைத்தால், பின்னால் ஆராய்பவர்கள் கட்டுரையாளரைப் போல மானிட்டரைக் குற்றம் சாட்ட நேராது.

கட்டுரையின் மற்ற பகுதிகள் பயனுள்ளவை. இந்த ஒரு செய்தியைத் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்