ஒன்பதாம் வகுப்பிலேயே ஏன் என்று கேட்டாயே

உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்
13.7.2025

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை இப்போது எப்படி இருக்கிறது? மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறாரா என்று பாப்பாவைப் பார்த்துக்கொள்ளச் சொல். அவள் சொன்னால்தான் கேட்பார்.

போன ஞாயிறு போனில் பேசும்போது, பிளஸ் ஒன்னில் உன் மகள் பாப்பாவுக்கு என்ன குரூப் என்று கேட்டேன். “அவ இப்பதான் ஒன்பதாவதுக்கா. பன்னிரண்டு முடிக்கட்டும், மார்க்கைப் பார்த்துட்டு முடிவு பண்ணிக்கலாம்” என்றாய். அதற்குள் கடைக்கு ஆள் வந்துவிட்டது, வைத்துவிட்டாய். சொல்ல வந்தது எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. வாட்ஸப்பில் பேசி அனுப்பினால் பாதிதான் கேட்பாய். கடிதம் என்றால் எடுத்து வைத்துப் படிப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மார்க் வந்த பிறகு யோசித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டிலேயே கதை இருக்கிறது. 2001-ல் நான் பிளஸ் டூ முடித்தபோது வேளாண்மை படிக்க ஆசைப்பட்டேன். மார்க்கும் இருந்தது. ஆனால் விண்ணப்பம் எங்கே வாங்குவது, கடைசி நாள் எது, என்னென்ன சான்றிதழ் கேட்பார்கள் என்று நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா அலைந்து எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு வருவதற்குள் கடைசித் தேதி போய் மூன்று நாள் ஆகிவிட்டது. பி.காம். சேர்ந்தேன். அந்தப் படிப்புதான் இன்றைக்கும் எனக்குச் சோறு போடுகிறது, அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனாலும் அன்று அப்பா திண்ணையில் அந்தக் காகிதங்களை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. நீ அப்போது சின்னப் பையன். நினைவிருக்குமோ என்னவோ.

சரி, இங்கே நடப்பதைச் சொல்கிறேன். என் பையன், உன் மருமகன், இப்போது உயர்நிலை நான்கு, நம்மூர்க் கணக்கில் பத்தாம் வகுப்பு. வருடக் கடைசியில் ஓ லெவல் தேர்வு. 2027-ல் அந்தப் பெயரே போய் வேறு சான்றிதழ் வரப்போகிறது, இவன் பழைய முறையில்தான் எழுதுகிறான். அது முடிந்ததும் தொடக்கக் கல்லூரியில் இரண்டு வருடம் படித்து, ஏ லெவல் எழுதிப் பல்கலைக்கழகம் போகலாம். இல்லையென்றால் பாலிடெக்னிக்கில் மூன்று வருடம். ஐடிஇ என்று தொழில்நுட்பக் கல்விக் கழகமும் இருக்கிறது. பாலி என்றதும் மார்க் குறைந்த பிள்ளைகள் போகிற இடம் என்று நினைத்துவிடாதே. இன்ன வேலைதான் கற்க வேண்டும் என்று தெளிவாக இருக்கிற பிள்ளைகள் நல்ல மார்க் வைத்துக்கொண்டே அங்கே போகிறார்கள். அங்கிருந்தும் பல்கலைக்கழகம் போக வழி இருக்கிறது.

ஆனால் மேலே எதைப் படிக்க எந்தப் பாடம் வேண்டும் என்பது இங்கே பதினான்கு வயதிலேயே வந்து நிற்கிறது. உயர்நிலை இரண்டு முடியும்போது, அடுத்த இரண்டு வருடத்துக்கான பாடங்களைப் பிள்ளை தேர்ந்தெடுத்தாக வேண்டும். 2023-ல் அந்தத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தபோது நானும் உங்க அத்தானும் முழித்தோம். பள்ளியில் கல்விக்கும் வேலைக்கும் வழிகாட்ட ஆலோசகர் ஒருவர் இருக்கிறார். அவர் எங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, பிள்ளை எதில் கெட்டிக்காரன் என்று கேட்கவில்லை. “வீட்டில் யாரும் சொல்லாமல் அவனாகவே எதைச் செய்துகொண்டிருக்கிறான்?” என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிக் கேட்டால் தெரியவில்லையே என்று அன்று ராத்திரி தூக்கமே இல்லை.

அந்த வருடம்தான் அப்பா இங்கே வந்திருந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியின் காதுக் கம்பி ஒடிந்து, வெள்ளை நூலால் சுற்றிக் கட்டியிருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? புதிதாக வாங்கித் தருகிறேன் என்றால் வேண்டாம், இதுவே போதும் என்று பிடிவாதம். இவன் அதைக் கையில் வாங்கிச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். “தாத்தா, இந்தக் கண்ணாடி உங்க வலது கண்ணுக்குச் சரியாவே இல்ல, நீங்க தலையைச் சாய்ச்சுத்தான் பேப்பர் படிக்கிறீங்க” என்றான். இத்தனை வருடம் கூட இருந்த நாம் யாராவது அதைக் கவனித்தோமா? மறுநாள் தாத்தாவைக் கையைப் பிடித்துக் கீழே கடைத்தெருவுக்கு அழைத்துப்போய், கண் சோதனை செய்கிறவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறான். அதற்கப்புறம் வாய்ப்புக் கிடைத்தபோதெல்லாம் அந்தக் கடைக்குப் போவான். பள்ளியிலிருந்து முதியோர் இல்லத்துக்குத் தொண்டு செய்யப் போனபோதும், பாட்டிகளின் கண்ணாடியைத் துடைத்துக் கொடுப்பது, ஆணி லூசானால் முடுக்குவது, இதே வேலைதான். என் கண்ணெதிரே நடந்ததை நான் விளையாட்டு என்று விட்டிருந்தேன்.

அதனால்தான் இயற்பியல் எடுத்தான். இந்த ஜூனில், ஓ லெவல் எழுதுவதற்கு முன்பாகவே, பாலியில் ஆப்டோமெட்ரிக்கு, அதாவது கண்ணைச் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற படிப்புக்கு, முன்கூட்டியே சேரும் திட்டத்தில் விண்ணப்பித்திருக்கிறான். ஐந்து பாலிகளிலும் இந்த முறை உண்டு. மார்க்கை மட்டும் பார்க்காமல் பிள்ளைக்கு அந்தப் படிப்பில் உண்மையிலேயே நாட்டம் இருக்கிறதா என்று நேர்காணல் வைத்துப் பார்ப்பார்கள். இடம் தருகிறோம் என்று சொன்னாலும், பிறகு ஓ லெவலில் குறைந்தபட்சத் தகுதியைத் தொட்டாக வேண்டும். பாடங்களின் மொத்தப் புள்ளி 26-க்குள் வர வேண்டும். இங்கே புள்ளி குறைந்தால்தான் நல்லது.

விண்ணப்பத்தில் எழுதச் சில நூறு எழுத்துகளுக்குத்தான் இடம். மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினான். முதல் தடவை, மக்களுக்கு உதவப் பிடிக்கும், சிறு வயதிலிருந்தே மருத்துவத்தில் ஆர்வம் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனான். ஆசிரியை படித்துவிட்டு, “யாருக்கு உதவினாய்? எப்போது? என்ன செய்தாய்?” என்று மூன்று கேள்வியைப் பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம்தான் எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தாத்தாவின் நூல் கட்டிய கண்ணாடியிலிருந்து தொடங்கினான். எனக்குப் படித்துக் காட்டும்போது அவன் குரல் கொஞ்சம் மாறியது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு வருடம் உண்மையாகச் செய்தது இருந்ததால்தான் அதை எழுத முடிந்தது. ஜூன் மாதம் உட்கார்ந்து யோசித்திருந்தால் முதல் தாளோடு நின்றிருப்பான்.

இங்கே எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே, தம்பி. பன்னிரண்டு வயதில் பிஎஸ்எல்இ என்று ஒரு தேர்வு. இவன் எழுதிய 2021-ல்தான் புதிய மதிப்பெண் முறை முதல் தடவையாக வந்தது. நான்கிலிருந்து முப்பத்திரண்டு வரை புள்ளி, நான்குதான் உச்சம். அந்த வருடம் முழுக்கப் பிள்ளை நகத்தைக் கடித்துக் கடித்து விரல் நுனியெல்லாம் புண். டியூஷனுக்கு மேல் டியூஷன் வைத்தது நான்தான். அது தப்பு, இன்றைக்கும் மனசு உறுத்துகிறது. அதனால் நான் சீக்கிரம் ஆரம்பி என்று சொன்னால் பாப்பாவை இப்போதே கோச்சிங்கில் போட்டு நசுக்கு என்று எடுத்துக்கொள்ளாதே.

பாப்பா என்ன செய்கிறாள் என்று நீ பார்த்திருக்கிறாயா? போன மாதம் வீடியோவில் என்னைத் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு தென்னங்கன்றின் மட்டையைக் காட்டி, “அத்தை, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கத்தரிச்ச மாதிரி இருக்கு பாருங்க. காண்டாமிருக வண்டு குருத்து மூடியிருக்கும்போதே உள்ள போய்க் கடிக்குது, அதான் விரிஞ்சதும் விசிறி மாதிரி வெட்டு வருது” என்றாள். எருக்குழியைக் கிளறி வெள்ளைப் புழுக்களை எடுத்துக் காட்டினாள். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாளில் கூட்டுப்புழுவாகும் என்று எண்ணிக்கொண்டிருக்கிறாளாம். பரீட்சை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்து வைத்திருக்கிறாள். கஜா புயலில் மரமெல்லாம் சாய்ந்தபோது அவளுக்கு ஏழு வயது. நீ தோப்பில் நின்று அழுததைப் பார்த்தவள் அவள். இதை நீ விளையாட்டு என்று விட்டுவிடாதே, நான் விட்ட மாதிரி.

என் பழைய ஆசையை அவள் தலையில் கட்டுவதாக நினைக்காதே. நாளைக்கே அவளுக்கு வேறொன்று பிடிக்கலாம், பிடிக்கட்டும். பார்க்க மட்டும் வை. வேப்பங்குளத்தில் தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஈச்சங்கோட்டையில் வேளாண் கல்லூரி, ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி. எல்லாம் நமக்குப் பஸ் தூரம். காலாண்டு விடுமுறையில் அனுமதி கேட்டு ஒன்றுக்காவது அழைத்துப் போ. அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் அவளே பேசட்டும், நீ தள்ளி நின்றுகொள்.

குரூப்பைப் பத்தாவது முடிந்ததும் கேட்பார்கள். கணக்கும் உயிரியலும் சேர்ந்த முதல் குரூப் எடுத்தால் வேளாண்மைக்கும் போகலாம், இன்ஜினீயரிங்குக்கும் போகலாம். கணக்கை விட்டால் இன்ஜினீயரிங் கட்-ஆஃப்பே கிடையாது. 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. காமர்ஸ் எடுத்துவிட்டால் இந்த இரண்டு கதவும் சாத்திவிடும். அவள் கணக்கில் திணறுகிறாள் என்றால் அதற்கும் இப்போதே, ஒன்பதாவதிலேயே, கவனம் வேண்டும். அங்கே விட்ட அல்ஜீப்ரா பிளஸ் ஒன்னில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

பிளஸ் ஒன்னுக்கு வெளியூர் விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போகிறேன் என்றாயே, அதைக் கேட்டுத்தான் எனக்குப் பதறியது. ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தால்தான் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு மட்டும் இல்லை, இன்ஜினீயரிங், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் உண்டு. கல்லூரி சேர்ந்ததும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருவதும் இந்தப் படிப்பை வைத்துத்தான். இரண்டு வருடத்துக்கு லட்சக்கணக்கில் கட்டி, கையில் இருக்கிற உரிமையையும் விட்டுக்கொடுப்பாயா? அவள் பள்ளியில் அவளுக்கு நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கைப் புத்தகத்துக்கும், பட்டுக்கோட்டையில் ஒரு நல்ல கணக்கு வாத்தியாருக்கும் கொடு.

இன்னொன்று, பெயர். ஆதாரில் அவள் இனிஷியல் பின்னால் இருக்கிறது, பள்ளிப் பதிவேட்டில் முன்னால். ஒரு எழுத்தும் வேறு. பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போவதற்குள் தலைமையாசிரியரைப் பார்த்துச் சரிசெய்துவிடு. மதிப்பெண் சான்றிதழில் ஏறிவிட்டால் பாஸ்போர்ட் வரைக்கும் துரத்தும். எனக்கு இங்கே வேலை அனுமதிச் சீட்டு எடுக்கும்போது பட்ட பாடு போதும். சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் இ-சேவையில் வாங்கி ஒரே கோப்பில் வை. உன் வீட்டில் பட்டம் வாங்கப்போகிற முதல் ஆள் பாப்பாதான். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கும் விசாரித்து வை, கவுன்சிலிங்கில் கல்விக் கட்டணச் சலுகை கிடைக்கும்.

நம்மூர்க் கவுன்சிலிங்கில் யாரும் வண்டு நோட்டைக் கேட்கமாட்டார்கள், மார்க்கைத்தான் பார்ப்பார்கள். எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலில் நூறு பெயர் ஓடும்போது எதைத் தொட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமே. எனக்கு அன்று தெரிந்திருந்தும் காகிதம் இல்லை. பலருக்குக் காகிதம் எல்லாம் இருந்து, எதைத் தொடுவது என்று தெரிவதில்லை. இங்கே சனிக்கிழமைகளில் நான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளிடமும் இதைப் பார்க்கிறேன்.

உங்க அத்தானின் நண்பர் வரும் வியாழன் திருச்சிக்கு வருகிறார். அவரிடம் அப்பாவுக்குத் தைலமும், பாப்பாவுக்கு ஒரு கைப் பூதக்கண்ணாடியும், கோடு போடாத தடித்த நோட்டு ஒன்றும் கொடுத்து அனுப்புகிறேன். பரீட்சை நோட்டில் எழுத வேண்டாம் என்று சொல். பூதக்கண்ணாடி உன் மருமகன் அவன் காசில் வாங்கியது.

அவனுக்கு நேர்காணல் 24ஆம் தேதி காலை. அன்றைக்கு அப்பாவை நாடியம்மன் கோயிலில் ஒரு விளக்கு போடச் சொல். முடிந்ததும் தாத்தாவிடம்தான் முதலில் பேசுவேன் என்று சொல்லியிருக்கிறான், போனைப் பக்கத்தில் வைத்திருக்கட்டும்.

உன் அன்பு அக்கா