எம்ஜிஏ இன்ஜினைத் தூக்கிப் போடச் சொல்லாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் கட்டுரையை ஆசையோடுதான் படிக்க ஆரம்பித்தேன். படங்களும் அருமை. ஆனால் எம்ஜி கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிஏ பற்றிச் சொல்லும் இடத்தில், அதன் இன்ஜின் தேய்ந்து புகை தள்ளினாலோ ஜாம் ஆனாலோ கழற்றிப் போட்டுவிட்டு ஒரு ஜப்பான் இன்ஜினை வைத்துவிடலாம் என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள். இதை ஒத்துக்கொள்ளவே முடியவில்லை. உங்கள் இதழைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் அப்படிச் செய்துவிட்டால்கூட, அந்த இன்ஜின் நேராகப் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும்.

எம்ஜிஏ இங்கிலாந்தில் அபிங்டன் என்ற சிற்றூரில் 1955 முதல் 1962 வரை தயாரான கார். ஒரு லட்சத்துக்கும் சற்று அதிகமாகச் செய்தார்கள், பெரும்பகுதி ஏற்றுமதி ஆனது. முதலில் அதில் இருந்தது 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜின். நம் அம்பாசடரில் பல பத்தாண்டுகள் ஓடியதும் இதே குடும்பத்து 1489 சிசி இன்ஜின்தான். சிலிண்டர் விட்டமும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம்) ஒன்றே. அதாவது, இந்த இன்ஜினைப் பிரித்துப் பார்த்த கைகள் நம் ஊரில் ஏராளம். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இது தேயும், தேய்ந்தால் திரும்பக் கட்ட வேண்டும் என்று தெரிந்தே வடிவமைத்த இன்ஜின். பிளாக்கும் (சிலிண்டர்கள் உள்ள உடல்) ஹெட்டும் (அதன் மேல்மூடி) வார்ப்பிரும்பு. சிலிண்டர் தேய்ந்தால் போர் அடித்து, அதாவது உள்பக்கத்தைச் சற்று அகலமாகக் கடைந்து, 0.010, 0.020, 0.030, 0.040 அங்குலம் பெரிய (ஓவர்சைஸ்) பிஸ்டன் போடலாம். அதுவும் முடிந்துவிட்டால் லைனர் என்ற உள்குழாயை இறக்கி மறுபடி பழைய அளவுக்கே வரலாம். பிஸ்டன் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்க் தண்டுக்கும் அப்படியே, கிரைண்டிங் செய்து மெலிந்த தண்டுக்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட இடம் விட்டிருக்கிறார்கள். இவ்வளவு வழி இருக்கும்போது இன்ஜினையே மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

ஆனால் கட்டுகிற விதம் சரியாக இருக்க வேண்டும். எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது "ரிங் மட்டும் மாத்துங்க, போதும்" என்கிற பேச்சைக் கேட்டால்தான். ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றிச் சிலிண்டரை அடைக்கும் வளையம். சிலிண்டர் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. மேல் ரிங் திரும்புகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, பிஸ்டன் பக்கவாட்டில் அழுத்துகிற பக்கத்தில்தான் தேய்மானம் அதிகம், அதனால் போர் (சிலிண்டரின் உள்துளை) மேலே அகலமாகவும் கீழே ஒடுக்கமாகவும், வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகவும் ஆகிவிடுகிறது. உச்சியில் ரிங் தொடாத பகுதி தேயாமல் ஒரு விளிம்பாக நிற்கும். அந்தப் போரில் புது ரிங்கைப் போட்டால் அது முழுச் சுற்றும் ஒட்டாது, போதாததற்கு அந்த விளிம்பில் இடித்து மேல் ரிங் உடையவும் கூடும். கொஞ்ச நாளில் புகை திரும்பவும் வந்துவிடும், அப்புறம் பழி முழுவதும் பழைய இன்ஜின் மேல்! உள்விட்டம் அளக்கும் போர் கேஜை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்திலும், ஒவ்வொரு இடத்திலும் குறுக்காக இரண்டு திசையிலும் வைத்து அளந்து பார்த்த பிறகுதான் ரிங்கா, ரீபோரா (மறுபடி போர் அடிப்பதா) என்று முடிவு செய்யவேண்டும். அளக்காமல் பிஸ்டன் வாங்குவதும் கூடாது.

கிராங்கைத் தாங்குவது மூன்றே மெயின் பேரிங், அதனால் அதில் கவனம் அதிகம் தேவை. கிரைண்டிங்குக்கு முன் விரிசல் சோதனை செய்யச் சொல்லுங்கள். ஜர்னல், அதாவது கிராங்கில் பேரிங்குக்குள் சுழலும் பகுதி, பக்கச் சுவரோடு சேரும் மூலையில் ஒரு சிறு வளைவு இருக்கும், அதை வெட்டிக் கூர்மையாக்கிவிட்டால் கிராங்க் பிற்பாடு அந்த இடத்தில்தான் உடையும். உள்ளே எண்ணெய் போகும் துளைகளை ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டும். கிரைண்டிங் தூள் ஒரு துளி அங்கே தங்கினாலும் புது பேரிங் போய்விடும். பின்பக்கம் லேசாக எண்ணெய் கசிகிறதே என்று பயப்பட வேண்டாம், அங்கே ரப்பர் சீல் கிடையாது, எண்ணெயைத் திருப்பி அனுப்பும் திருகு வரிதான் இருக்கிறது.

இன்னொன்று, அம்பாசடர் பாகங்கள். விட்டம் ஒன்றுதானே என்று அம்பாசடர் பிஸ்டனைப் போட்டு மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதன் அழுத்த விகிதம் (சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) குறைவு. எம்ஜிஏ இன்ஜின் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரட்டை எஸ்யு கார்புரேட்டரோடு முதலில் 68, பிறகு 72 குதிரைத்திறன் கொடுத்தது, அந்தச் சுறுசுறுப்பு வேண்டும் என்றால் அதற்கான பிஸ்டனும் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் வேண்டும். புதுக் கேம் போட்டால் அதன் மேல் உரசும் டேப்பட்டும் புதிதாகப் போடுவது கட்டாயம். முதல் தடவை ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடாமல் நிமிடத்துக்குச் சுமார் 2000 சுற்றில் 20 நிமிடம் ஓட விட வேண்டும், ஏனென்றால் ஐடிலில் கேமுக்குத் தெறிக்கும் எண்ணெய் போதாது.

ஹெட்டை அழுத்தச் சோதனைக்கு அனுப்புங்கள், வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் வருவது உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் இந்தியாவில் 2000-ல் நின்றுவிட்டது, ஆகவே அந்த ஈயத்தின் பாதுகாப்பு இல்லாத எக்ஸாஸ்ட் வால்வு சீட்டுகளைக் கடின உலோகத்தில் மாற்றிக்கொள்வது நல்லது. இப்போது எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு, பழைய ரப்பர் ஹோஸ்களையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இன்ஜின் ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க வேண்டும். 1958 முதல் 1960 வரை வந்த எம்ஜிஏ ட்வின் கேம் (இரண்டு கேம்ஷாஃப்ட் உள்ள) மாடலில் பிஸ்டன்கள் எரிந்து ஓட்டையாயின. 9.9 என்ற அழுத்த விகிதத்தைக் குறை சொன்னார்கள், பிறகு அதை 8.3-க்குக் குறைத்தார்கள். ஆனால் குறிப்பிட்ட வேகத்தில் கார்புரேட்டர் அதிர்ந்து கலவையில் பெட்ரோல் குறைந்துபோவதே பெரிய காரணம் என்று பிற்காலத்தில் கருதப்பட்டது. அதற்குள் அந்தக் கார் பெயர் கெட்டு, 2,111 வண்டிகளோடு நின்றுபோனது. கார்புரேட்டர் கோளாறை விட்டுவிட்டுப் புதுப் பிஸ்டன் மட்டும் போட்டால் அதுவும் எரியத்தானே செய்யும்?

இன்ஜின் மாற்றும் யோசனையை அடுத்த இதழில் திருத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கிராங்க் கிரைண்டிங்கும் லைனர் வேலையும் தெரிந்த பழைய பட்டறைக்காரர் ஒருவரிடம் உங்கள் நிருபரை அனுப்பி, அவர் அளக்கிற முறையை முதலிலிருந்து கடைசி வரை படங்களோடு போடுங்கள். இரண்டு பக்கம் ஒதுக்கினால் போதும்.

அன்புடன்,
ஒரு வாசகர், கோவை