கூர் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இதழின் சமையலறைக் குறிப்பில், கத்தி மழுங்கினால் பீங்கான் கோப்பையின் அடியில் தேய்க்கச் சொல்லியிருந்தீர்கள். அவசரத்துக்குச் சரி. கோப்பையடியில் மெருகு ஏறாத வளையம் உருக்கைவிடக் கடினம், அதனால் கொஞ்சம் கூர் ஏறும். ஆனால் கூர் ஏறிய கத்தியெல்லாம் நன்றாக நறுக்கிவிடாது.

கல்யாணத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் சமைத்துப் பிழைப்பவன் நான். தைப்பூசத்துக்கு முதல் நாள் இரவு பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயில் பக்கம் பந்தலில் மூட்டை மூட்டையாகக் காய்கறி வந்து இறங்கும். ஒவ்வொரு கத்தியின் யோக்கியதையும் அங்கே தெரிந்துவிடும். கத்தியின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, கூராக இருந்தும், அதற்குச் சற்று மேலே தகடு தடித்திருந்தால், கேரட்டில் பாதி இறங்கியதும் 'டக்'கென்று பிளந்துவிடும். அது நறுக்குவது இல்லை, ஆப்பு அடிப்பது. தீட்டத் தீட்டக் கத்தி தேய்ந்து, வாய் மேலே தடித்த பகுதிக்குப் போய்விடுகிறது. அதனால்தான் பழைய கத்தி, என்ன தீட்டினாலும் முன்போல் இறங்குவதில்லை. அவ்வப்போது கத்தியைத் தீட்டுக்கல்லில் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, பக்கவாட்டையும் தேய்த்து மெலிதாக்க வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை.

தக்காளி வேறு கதை. 1000 நம்பர் கல்லில் (நடுத்தரச் சொரசொரப்புள்ள தீட்டுக்கல்) தீட்டினால் வாயில் கண்ணுக்குத் தெரியாத பற்கள் நிற்கும். தோலைப் பிடிப்பது அவைதான். மேலும் மேலும் மெருகேற்றினால் பச்சை மீனுக்கு அருமை, தக்காளித் தோலில் வழுக்கலாம். அமுக்காமல் இழுத்து வெட்டினால் பாதிப் பலம் மிச்சம். தீட்டி முடித்ததும் கட்டை விரலைத் தகட்டிலிருந்து வாய்ப் பக்கமாக, வெளியே தடவிப் பாருங்கள் (வாயின் நீளவாக்கில் வேண்டாம், விரல் போய்விடும்!). பிசிறு, அதாவது தீட்டும்போது வாயோரம் துருத்தி நிற்கும் மெல்லிய உருக்கு, தட்டுப்பட்டால் வேலை முடியவில்லை. இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, கை பாரமே இல்லாமல் இழுத்து அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது மடிந்து, மறுநாளே கத்தி மொட்டையாகிவிடும்.

ஒரு கடையில் என் நல்ல கத்தியைச் சாணை பிடிக்கக் கொடுத்தேன். தண்ணீர் காட்டாமல் சக்கரத்தில் வைத்தான் அந்தத் தம்பி. பொறி பறந்தது, வாயோரம் நீலம் பூத்துவிட்டது. சாதாரணக் கார்பன் உருக்கு நீலமானால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸை எட்டிவிட்டது என்று அர்த்தம். உருக்கைக் கடினமாக வைத்திருந்த பதம் போச்சு. அந்த நீலப் பகுதி தேய்ந்து தீரும்வரை எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. காசையும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அப்புறம், அதே பக்கத்தில் கண்ணாடி வெட்டுப்பலகை சுத்தமானது என்று எழுதியிருந்தீர்கள். கழுவ எளிதுதான். ஆனால் கண்ணாடி கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. ஒவ்வொரு வெட்டிலும் கத்தியின் வாய்தான் மடங்கும். அடுத்த முறை மரப்பலகையைப் போடுங்கள்.

இப்படிக்கு,
கல்யாணச் சமையல்காரர் ஒருவர்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு