வினிபெக்கில இருக்கிற தம்பிக்கு

தம்பி,

நாங்கள் எல்லாரும் சுகம். நீ வேலையும் குளிருமாக் களைச்சுப் போயிருப்பாய், அதான் போன் எடுக்கேல்லை எண்டு அம்மாட்டச் சொல்லி வச்சிருக்கிறன். வட்ஸ்அப்பில மெசேஜ் பாக்கிறாய் எண்டு தெரியுது, இப்போதைக்கு அது காணும். ஸ்காபரோ மாமி என்னவோ சொன்னா, அதை நான் இதில எழுதேல்லை. நீ சாப்பாட்டை மட்டும் விடாத. காலமை வெறும் கோப்பியோட வெளிக்கிடாத.

கடைசியாக் கதைக்கேக்க நீ சொன்னாய், அப்பா நான் இந்தக் கோதுமைக் கொம்பனியில செய்யிறது வெறும் நம்பர், இத்தினை தொன், இந்தக் கப்பல், இந்தத் தேதி, இதால ஆருக்கு என்ன பிரயோசனம் எண்டு. நான் பதில் சொல்ல முதலே லைன் கட்டாப் போச்சு. அந்தப் பதிலைத்தான் இப்ப எழுதுறன், நீ ஆறுதலா வாசி.

நீ எங்கட பேக்கரியில, பாண் சுடுற போறணைச் சூட்டில வளந்த பிள்ளை, உனக்கு மாவைப் பற்றி நான் படிப்பிக்கத் தேவையில்லை. ஆனா மா எங்க இருந்து வருது எண்டு நாங்கள் வீட்டில கதைச்சது குறைவு, லொறி வரும் இறக்குவம், அவ்வளவுதான். இந்த நாட்டில கோதுமை விளையிறேல்லை தம்பி. வருசத்துக்குப் பத்து லட்சம் தொன் அளவில, சில வருசம் அதுக்கும் மேல, முழுக்கக் கப்பலில வந்துதான் இறங்குது. சோறு தின்னிற சனத்துக்கு இது என்னண்டு வந்தது எண்டால், 1942 ல பர்மாவை யப்பான்காரன் பிடிச்ச உடன அங்க இருந்து வந்த அரிசி நிண்டு போச்சு, சனம் கூப்பனுக்குக் கோதுமை மா எடுத்துச் சமாளிச்சது, அப்பு அந்தக் கதையை எத்தினை தரம் சொல்லியிருப்பார் எண்டு உனக்கே தெரியும். சண்டை முடிஞ்சும் பழக்கம் போகேல்லை. பிறகு அமெரிக்கன் மா உதவியா வந்தது. 1980 ல திருகோணமலை சீனக்குடாவில பிரிமா மா ஆலை வேலை தொடங்கினது, அதோட மாவுக்குப் பதிலா கோதுமையை மணியா இறக்கி இங்கயே அரைக்கத் தொடங்கினாங்கள். ஆலை எங்கட மண்ணில, மணி வெளியாற்ற.

எழுபதுகளில பாணுக்கு விடியப்புறமே கியூவில நிண்டது எனக்கு நல்ல ஞாபகம். 1977 எலக்சனில ஜே.ஆர். ஜெயவர்த்தனா கிழமைக்கு எட்டு இறாத்தல் தானியம் தருவன் எண்டு சொல்லித்தான் கேட்டவர், அதே வருசம் ஜனவரியில எகிப்தில மாவுக்கும் பாணுக்கும் குடுத்த மானியத்தைக் குறைக்கப் போய் சனம் றோட்டில இறங்கி, அங்கத்தை ஜனாதிபதி சாதாத் ரெண்டு மூண்டு நாளில அதைத் திருப்பி எடுக்க வேண்டி வந்தது. பாணில கை வச்ச அரசாங்கம் எதுவும் நிம்மதியா இருந்ததில்லை.

2022 ஐப் பற்றி உனக்கு நாங்கள் முழுக்கச் சொல்லேல்லை. நீ அப்ப அங்க சோதினைக்குப் படிச்சுக் கொண்டிருந்தாய், அதால போனில நல்லா இருக்கிறம் எண்டுதான் சொன்னனாங்கள். இப்ப சொல்லுறன் கேள். அதுக்கு முந்தின வருசம் ரசாயனப் பசளையை நிப்பாட்டினதால வயல் விழுந்து போச்சு. வழமையா அரிசி விலை ஏறினா சனம் பாணுக்கு வரும், பாண் ஏறினா சோத்துக்குப் போகும், அந்தமுறை ரெண்டும் ஒண்டா ஏறினது. பெப்ரவரி 24 இல ரஷ்யா உக்ரேனுக்குள்ள போனது. உலகத்துக் கோதுமை ஏற்றுமதியில கிட்டத்தட்ட முப்பது வீதம் அந்த ரெண்டு நாட்டாலயும்தான், ஒடெசாப் பக்கத்துத் துறைமுகங்கள் மூடுப்பட்டுது, சிக்காகோ தானியச் சந்தையில ஒரு புசல், அது 27 கிலோ மட்டில, 13 டொலருக்கு மேல போச்சு. மே 13 இல இந்தியாவும் எக்ஸ்போர்ட்டை நிப்பாட்டினது. இதெல்லாம் எல்லா நாட்டுக்கும் பொதுவான அடி. எங்களுக்கு அதுக்கு மேல ஒண்டு, மார்ச்சுக்கு முதல் 200 ரூபாவா இருந்த டொலர் மே மாசம் 360 ஆச்சு, அந்த விலைக்கும் பாங்கில டொலர் இல்லை, கப்பல் சரக்குக்கு பாங்க் குடுக்கிற உத்தரவாதக் கடிதம், எல்சி, திறக்கேலாது. சிக்காகோ விலை ஜூலை மட்டில சண்டைக்கு முந்தின இடத்துக்கே இறங்கி வந்தது தம்பி, எங்கட பாண் இறங்கேல்லை. உலகத்தில கோதுமை இருந்தது, எங்களிட்டக் காசு இல்லை, அதுதான் உண்மை.

வருசக் கணக்கா மா தந்த ஆளே லொறி அனுப்பாம விட்டிட்டான், காஸும் இல்லை, சித்தப்பாவும் நானும் பழைய போறணையில விறகு போட்டுச் சுட்டனாங்கள். அரிசி மாவைக் கலந்தும் பாத்தம், அதில பசை இல்லை, பாண் பொங்காது, தட்டையா வந்து வெட்டேக்க உதிரும். ஒரு இறாத்தல் வாங்கின வீடு அரை இறாத்தலுக்கு வந்தது, பிறகு அதை ரெண்டு வீடு பிரிச்சு எடுத்தது. முன்னால ஒழுங்கையில மேசன் வேலைக்குப் போறவன், காலமை அடுப்பு மூட்ட எண்ணெயும் இல்லை நேரமும் இல்லை, அவனுக்குப் பாணை விட்டால் வேற என்ன? பதுளையில இருந்து வந்து எங்களோட நிண்ட பெடியன்ர வீட்டில ரெண்டு நேரமும் ரொட்டிதான், கோதுமை மா ரொட்டி, தோட்டத்தில சம்பளம் அப்பிடியே இருக்க மா விலை ஏறினால் ரொட்டி சின்னனாகும். அவன் தன்ர சம்பளத்தை மாவாத் தாங்கோ எண்டு கேட்டவன். நாங்கள் குடுத்தனாங்கள்.

உலகத்தில விளையிற கோதுமையில நாலில ஒரு பங்குதான் நாடு விட்டு நாடு போகுது. சீனாவும் இந்தியாவும் கனக்க விளைவிக்குது, அதுகளே தின்னுது. மிச்சத்துக்கு ரஷ்யா, கனடா, அவுஸ்திரேலியா, அமெரிக்கா, பிரான்ஸ், ஆர்ஜென்டினா, உக்ரேன் எண்டு கை விரலில எண்ணக்கூடிய நாடுகள். வாங்கிறவை எத்தினை பேர் எண்டு பார், எகிப்து, எங்களை மாதிரி ஒரு மணியும் விளையாம நூடில்ஸ் தின்னிற இந்தோனேசியா, 2020 ஓகஸ்டில துறைமுகம் வெடிச்சுப் பெரிய தானியக் களஞ்சியத்தை இழந்த லெபனான். இதில ஒரு கப்பல் பிந்தினால் ஆரோ ஒரு பேக்கரிக்காரன் கதவைத் திறந்து வச்சுக் கொண்டு வெறுங்கையோட நிப்பான். உன்ர புல்வெளி நாட்டில ரயிலில ஏத்தி வன்கூவருக்கு அனுப்புறதை, தேதி பிழைக்காமக் கப்பலில ஏத்த எழுதுறது நீதானே. உன்ர நம்பருக்கு மற்றப் பக்கம் நிண்டவன் நான். ஆருக்குப் பிரயோசனம் எண்டு இனிக் கேளாத.

கொட்டாஞ்சேனையில ஆர் கேட்டாலும் எங்கட தம்பி கனடாவில கோதுமைக் கப்பல் அனுப்புற கொம்பனியில எண்டுதான் சொல்லுறன், கோயிலில ஐயரும் கேட்டவர். அப்பிடிச் சொல்லிப் போட்டு வீட்டை வந்தால் பிள்ளை ஒரு ஹலோ சொல்லி மூண்டு கிழமை. அம்மா போனை அடுப்படிக்கும் கொண்டு போறா. அவளுக்கு நான் இன்னும் எத்தினை நாளைக்கு வேலை எண்டு சொல்லுறது?

வேலை பிடிக்கேல்லை எண்டால் விடு, அது உன்ர முடிவு, காசைப் பற்றி யோசிக்காத, மேல் அறை அப்பிடியே இருக்கு, நீல டிரங்கும் அசைக்கேல்லை. உடம்புக்கு முடியேல்லை எண்டாலும், மனசுக்கு முடியேல்லை எண்டாலும் மாமியிட்டயாவது சொல்லு, அவ எங்களுக்குச் சொல்லக் கூடாது எண்டு சொல்லிப் போட்டுச் சொல்லு, எனக்குப் பரவாயில்லை. டொக்டரிட்டப் போறது வெக்கமான விசயம் இல்லை. ராசன் மாமாவையும் யோசிச்சுப் பார். நேரத்துக்குச் சாப்பிடு, சோறு ஆக்கத் தெரியும்தானே, பருப்பையும் சேத்து ஒரு பானையில போடு. இரவில முழிச்சிருக்காத.

மாமியின்ர மகன் இந்த மாசக் கடைசியில வினிபெக் பக்கம் வாறானாம், அவனிட்ட மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் குடுத்து விடச் சொல்லியிருக்கிறன், கதவைத் திறந்து வாங்கு. இன்னொண்டு, சித்தப்பாவுக்கு மா போடுறவன் இது கனடாச் சிவப்புக் கோதுமை கலந்தது எண்டு சொல்லி மூட்டைக்கு விலை கூடக் கேக்கிறான். இந்த முறை உங்கட விளைச்சலில புரதம் எத்தினை வீதம், கொழும்புக்கு அங்க இருந்து கப்பல் ஏதும் வந்ததோ எண்டு கொம்பனியில விசாரிச்சுச் சொல்லு, சித்தப்பா வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடர் குடுக்க வேணும்.

அப்பா